எல்லைக்கல்லின் தேமல்

வில்லியனூர் ஸ்டேஷனில் இறங்கி எந்தத் திசையில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். தாகம் எடுத்து ஒரு கிணற்றடியில் நிற்பீர்கள். அதற்குக் கல் கட்டியவன் நான். வாய்க்கால் குறுக்கிட, கால் நனையாமல் ஒரு சின்னப் பாலத்தில் தாண்டுவீர்கள். அதுவும் நான் கட்டியதுதான். அரியூர்ப் பக்கம் மணல் சரிந்து சரிந்து விழுந்து, மூன்று மேஸ்திரிகள் 'இது பேய்க் கிணறு' என்று கும்பிடு போட்டு ஓடிய ஒரு கிணறு உண்டு. நான்காவதாக நான் இறங்கினேன். பேயையும் காணோம், பிசாசையும் காணோம். மூன்று சோம்பேறிகள் விட்டுப்போன வேலைதான் கிடந்தது.

நான் கட்டிய மதகு ஒன்றைப் பார்த்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "இந்த மதகு ஒரு மழைக்குத் தாங்காது" என்றார். அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார். மதகு நிற்கிறது.

இத்தனைக்கும் நான் படித்தது? பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம். அதில் ஒரு வருஷம் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தேன். கிலோமீட்டர் கல்லில் நம்பர் வெட்டித்தான் எண் கற்றேன். வேதக்காரர் தெருக் கிறிஸ்தவச் சமாதிகளில் பெயர் வெட்டித்தான் எழுத்துக் கற்றேன். செத்தவர்கள்தான் எனக்கு வாத்தியார். உயிரோடு இருந்த வாத்தியாரைவிட அவர்கள் மேல். புல் அறுக்கச் சொன்னதில்லை.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன்? பெருமை அடித்துக்கொள்ளவா?

ஆமாம். அதற்குத்தான். ஆனால் இந்த வாரம் இன்னொரு காரணமும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி டவுனில் ஒரு பிரசங்கம். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'பாறையில் வாழும் லிக்கேன்கள் — வகைகளும் குணங்களும்.' பேசுகிறவர் டவுனில் செடிகொடிப் பாடம் நடத்தும் ஒரு தமிழ் புரொபெசர். எனக்குத் தெரிந்தவர்தான். பெயர் வேண்டாம். பெயர் போடாமல் விடுவது எப்படியிருக்கும் என்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

மூன்று மணி என்று போட்டு நாலேகாலுக்குத் தொடங்கினார்கள். மேடை ஓரத்தில் மேஜை, மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் சில்லு. ஆளாளுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, வைரத்தைப் பார்த்தவர்கள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். நானும் குனிந்தேன்.

என் உளி விழுந்த இடம் எனக்குத் தெரியாதா? நான் பெயர்த்த சில்லு அது!

பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை. லத்தீனில் ஒரு பெயர். கீழே 'கண்டெடுத்தவர்: புரொபெசர்' இன்னார். அதற்கும் கீழே 'உதவி: மேர்' இன்னார். எங்கள் ஊர்களெல்லாம் சேர்ந்த கம்யூனுக்குத் தலைவர்தான் மேர். சரி, பெரிய மனிதர், இருக்கட்டும். பிரசங்கம் முடிந்து நன்றி சொல்லும்போது மோட்டார் ஓட்டினவருக்கு நன்றி. லென்ஸ் பெட்டியைத் தூக்கி வந்தவருக்கு நன்றி. மேர் வீட்டுச் சமையல்காரர் வைத்த மீன்குழம்புக்குக்கூட நன்றி!

நான் எழுந்து நின்றேன். "முசே, ஒரு வார்த்தை" என்று பிரெஞ்சு மரியாதையோடுதான் கேட்டேன். ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் என் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"பெரியவரே, கேள்வி இருந்தா எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுக்கிறேன். இதோ.

*

முதலில், இந்த லிக்கேன் என்றால் என்ன? பழைய கருங்கல்லில் சாம்பலும் வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்குமே, அதுதான். எங்கள் தொழிலில் கல்லுக்குத் தேமல் என்போம். நம்மில் பாதிப் பேர் அதை அழுக்கு என்கிறார்கள். மீதிப் பேர் பாசி என்கிறார்கள். பாசி வழுக்கும், இது வழுக்காது. பாசியை நகத்தால் சுரண்டலாம். இதைச் சுரண்டினால் நகம்தான் போகும். நாற்பது வருஷம் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால் என்ன சொல்ல? கல்லே தேவலை.

போன சித்திரையில் புரொபெசர் எங்கள் பக்கம் வந்தார். மேர் வீட்டில் தங்கல். "பழைய கல் எங்கெங்க இருக்குன்னு இவருக்குத்தான் தெரியும்" என்று மேர் என்னைக் கூட அனுப்பிவைத்தார். வெயில் ஏறும் முன்பே ஆற்றுக்கு மேற்கே இடிந்த மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். மனிதர் கைக்குட்டையை விரித்து அதன்மேல் மண்டியிட்டார். லென்ஸை வைத்தார். லத்தீனில் கொட்ட ஆரம்பித்தார்.

"முசே, சித்த நிறுத்துங்க," என்றேன். "இதுல மூணு சாதிதான். ஒட்டு, இலை, தாடி."

"என்ன சொன்னீர்கள்?"

"ஒட்டுன்னா கல்லோட கல்லா ஒட்டிகினு கெடக்கறது. பேக்க முடியாது. பேத்தா கல்லுந்தான் வரும். இலைன்னா ஓரம் தூக்கிகினு நிக்கும். கத்தி வுட்டா தனியா வந்துடும். கறிக்குப் போடுற கல்பாசி இந்தச் சாதிதான். தாடின்னா தொங்கும், இல்லன்னா சின்னப் புதரு மாதிரி நிக்கும். அது இங்க இல்ல. குளுந்த மலைக்குப் போவணும்."

அவர் லென்ஸை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "பிரெஞ்சுப் புத்தகத்திலும் இதே மூன்றுதான் மேஸ்திரி! நடுவில் செதில் மாதிரி ஒன்றையும் சேர்ப்பார்கள்."

"சேத்துக்கட்டும். அது ஒட்டுக்கும் இலைக்கும் பொறந்தது."

பாருங்கள், ஐரோப்பாவில் எத்தனை பேர் எத்தனை காலம் உட்கார்ந்து பிரித்திருப்பார்கள்? நான் உளிமுனையில் பிரித்து வைத்திருக்கிறேன். எது உளிக்கு வரும், எது கத்திக்கு வரும், எது கைக்கே வரும். இதற்கு லத்தீன் எதற்கு?

இன்னும் சொன்னேன். கருங்கல்லில் ஏறும் தேமல் சுண்ணாம்புக் காரையில் ஏறாது. காரையில் வரும் ஆரஞ்சு நிறத் தேமல் கருங்கல்லைத் திரும்பிப் பார்க்காது. வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் புகை படும் கல்லில் எதுவுமே வராது. காக்கை உட்கார்ந்து எச்சமிடும் உச்சியில் ஒரு வகை, நிழல் பக்கம் இன்னொரு வகை. இரண்டு ஒட்டுத் தேமல் வளர்ந்து வந்து முட்டிக்கொண்டால் நடுவில் கறுப்பாக ஒரு கோடு விழும். பங்காளிகள் நடுவே போட்ட வரப்பு மாதிரி. அந்த வரப்பை மட்டும் யாரும் வெட்டி நகர்த்துவதில்லை.

அவர் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். என் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். "இருசப்பன்... சரிதானே மேஸ்திரி?" என்று படித்தும் காட்டினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவரும் எனக்கு இரண்டு விஷயம் சொன்னார். பொய் சொல்ல மாட்டேன், இரண்டுமே எனக்குத் தெரியாதவை.

ஒன்று. லிக்கேன் ஓர் உயிர் இல்லையாம், இரண்டு உயிராம். காளான் சாதி ஒன்று, பாசி சாதி ஒன்று. காளான் கூடு கட்டும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதற்குச் சமைக்கத் தெரியாது. பாசி உள்ளே உட்கார்ந்துகொண்டு வெயிலில் சோறாக்கும். தனியாக விட்டால் இந்த மொட்டைக் கல்லில் இரண்டுமே செத்துப்போகும்.

"அப்ப பேரு?" என்றேன்.

"பெயர் ஒன்றுதான்."

"ரெண்டு பேருக்குமா? இன்னா நியாயம் முசே இது?"

சிரித்தார்.

இரண்டாவது விஷயம். காய்ந்து கருகி, செத்த மாதிரி கிடக்கும் ஓர் இலைத் தேமலின்மேல் குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினார். சாம்பல் நிறம் மெல்ல விலகி, உள்ளேயிருந்து பச்சை ஏறி வந்தது. "உள்ளே இருக்கிற பாசி உயிரோடு இருந்தால்தான் இப்படி வரும். செத்துப்போயிருந்தால் எத்தனை குடம் ஊற்றினாலும் வராது" என்றார்.

மழையில் கல் பச்சையாவதை நானும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. தப்புத்தான்.

*

அன்றைக்கே பத்து மணிக்கு ஒரு பஞ்சாயத்து. அதற்கு மேர் போக வேண்டும். புரொபெசரும் 'எல்லைக்கல்லா? பழைய கல்லா?' என்று ஆசையாகக் கூடவே கிளம்பினார்.

செல்லிப்பட்டுக்கு அந்தப்பக்கம் ஆற்றோரம் இரண்டு ஊர். நிஜப் பெயர் வேண்டாம். மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால் மேலூரைத் தாண்டிக் கீழூருக்குள் நுழைந்ததும் ஒரு மடை வரும். தண்ணீரைத் திறந்து மூடுகிற இடம். கல்லில் கட்டிய மடை. கட்டியவன் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மடைக்கு மேற்கே எல்லைக்கல் இருந்தது. போன ஐப்பசி வெள்ளத்தில் கரை உடைந்து கல்லும் போய்விட்டது. மாசியில் பார்த்தால் மடைக்குக் கிழக்கே இருநூறு அடி தள்ளி ஒரு கல் நிற்கிறது! மேலூர் மிராசுதார் சொன்னார்: "இதாங்க எல்லைக்கல்லு. முப்பாட்டன் காலத்துலேருந்து காரை முள்ளுப் புதர்ல மறஞ்சிருந்தது. இப்பதான் வெட்டிச் சுத்தம் பண்ணோம்."

கல் கிழக்கே வந்தால் மடை மேலூர் நிலத்தில் விழுந்துவிடும். விழுந்தது. மிராசுதார் மடைப் பலகையை இறக்கிப் பூட்டுப் போட்டார். கீழூரில் நாற்றங்கால் விட்டிருந்தவர்கள் வாயில் மண். பழைய வரைபடத்தைத் தேடினார்கள். கறையான் தின்றதுபோக மிச்சமிருந்ததில் ஆறு மட்டும்தான் தெரிந்தது.

அதோடு விட்டாரா? கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எண்ணெய் ஊற்றி, சேவல் அறுத்துப் பொங்கலும் வைத்துவிட்டார். இதுதான் கெட்டிக்காரத்தனம். நம் பக்கத்தில் மஞ்சள் ஏறிய கல்லின்மேல் மண்வெட்டி வைக்க எவனுக்குக் கை வரும்? பூட்டை உடைக்க ஆள் கிடைப்பான். மஞ்சளை மீற ஆள் கிடைப்பானா?

நாங்கள் போனபோது இரண்டு ஊரும் கூடியிருந்தது. மேர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புரொபெசர் நேராகக் கல்லிடம் போய்க் கைக்குட்டையை விரித்தார். இடுப்பு உயரக் கல். எண்ணெய் வழியாத பின்பக்கமெல்லாம் தேமல்.

"அற்புதம்!" என்றார். "இந்த இனம் மிக மெதுவாக வளரும். இவ்வளவு அகலம் வர ஒரு தலைமுறைக்கு மேலேயே ஆகியிருக்கும்."

மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டார். "கேட்டுகினீங்களா எல்லாரும்? படிச்சவரே சொல்லிட்டாரு! எங்க முப்பாட்டன் நட்ட கல்லு!"

மேர் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். கீழூர்க்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. புரொபெசருக்கோ தான் என்ன செய்துவிட்டோம் என்பதே தெரியாது. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படிப்பு எவ்வளவு ஆபத்தானது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"முசே," என்றேன், "தேமலுக்கு வயசு சொன்னீங்க. சரி. கல்லு இந்த எடத்துக்கு வந்து எத்தினி நாளாவுது?"

அவர் விழித்தார். "அது... லிக்கேனால் அதைச் சொல்ல முடியாதே மேஸ்திரி."

"சொல்லும். கேக்கத் தெரிஞ்சவன் கேட்டா சொல்லும்."

கல்லின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். நட்டு நாளான கல்லில், மண்மட்டத்துக்கு மேல் ஒரு சாணுக்குத் தேமல் ஏறாது. மழைத்துளி மண்ணைத் தெறித்துத் தெறித்து அந்த இடத்தை வழுக்கையாக்கி வைத்திருக்கும். மண்ணுக்குள் சுத்தமாக ஒன்றும் இருக்காது. வெயில் படாத இடத்தில் எதை வைத்துச் சோறாக்கும்? நான் பிடுங்கிய அத்தனை கல்லிலும் வேட்டி கட்டிய இடுப்பு மாதிரி மண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கோடு தெரியும். மேலே தேமல், கீழே மொட்டை.

இங்கே? தேமல் நிற்காமல் மண்ணுக்குள் இறங்குகிறது. கிணற்றில் இறங்குகிற ஆள் மாதிரி!

"தோண்டிப் பாருங்க மேர் ஐயா. மண்ணுக்குள்ளயும் தேமல் இருந்தா இது வேற எங்கியோ நின்ன கல்லு. புதுசா கொண்டாந்து நட்டது."

மேர் தொண்டையைச் செருமினார். "மஞ்சள் வெச்ச கல்லு மேஸ்திரி. தோண்டுன்னு என் வாயால நான் சொல்லமாட்டேன்."

மிராசுதார் சிரித்தார். "கல்லு தட்டுறவன் கல்லு தட்டணும். எல்லைக்கு இவன் யாரு நடுவுல? செரி, தோண்டட்டும். ஒண்ணும் இல்லன்னா மடை எங்குளுது. இவனும் ரெண்டு ஊரு முன்னாலயும் இந்தக் கல்லு காலுல வுழுந்து, இனிமே இந்தக் கம்யூன்ல உளி தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணட்டும். சம்மதமா?"

நான் கட்டியது எத்தனை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அத்தனையும் அந்த ஒரு முழம் மண்ணுக்குள் இருந்தது.

"சம்மதம்" என்றேன். வாய் சொல்லிவிட்டது. கை? நானும் இந்த ஊரில் பிறந்தவன்தானே. மண்வெட்டியை வாங்கினேன், ஓங்கவில்லை. மஞ்சள் என்னையே பார்த்தது.

அப்போதுதான் அஞ்சலாட்சி வந்தாள். கீழூரில் மடைக்கு அடுத்த வயல் அவளுடையது. புருஷன் இல்லை. இரண்டு காணி நிலத்தையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள். அவள் வாய்க்கு மேலூர் மாடுகூட ஒதுங்கிப் போகும்.

"இன்னா மேஸ்திரி, ஊரு பூரா கெணறு தோண்டினேன்னு சொல்லுவ. ஒரு மொழம் தோண்ட மலச்சிகினு நிக்கற?"

"மஞ்சள் வெச்சிருக்குதும்மா..."

"எங்க நாத்தும் மூணு நாளா மஞ்சளாத்தான் நிக்குது. அதுக்கு எவன் பொங்க வெச்சான்? குடு இப்டி!"

என் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். கல்லைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு ஒரே போடு!

ஒன்றும் ஆகவில்லை. வானம் இடியவில்லை. பறந்த மண்ணில் கொஞ்சம் மிராசுதார் வேட்டியில் விழுந்தது, அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கை வந்துவிட்டது. வாங்கி நானே தோண்டினேன். மண் லொடலொடவென்று வந்தது. முப்பாட்டன் நட்ட கல்லைச் சுற்றி மண் அப்படியா வரும்? பாறை மாதிரி இறுகியிருக்காதா?

ஒரு முழத்துக்கு மேல் போனதும் கையால் துடைத்தேன். தேமல். இன்னும் கீழே துடைத்தேன். அங்கேயும் தேமல்! ஒட்டுத் தேமல் திட்டுத் திட்டாக, அடியில் ஓர் இலைத் தேமல் உள்ளங்கை அகலத்துக்கு.

கீழூர்க்காரர்கள் கத்தினார்கள். மிராசுதார் அசரவில்லை. லேசான ஆள் இல்லை அவர்.

"இருங்க, இருங்க! ஆத்தோரம். வருஷா வருஷம் வண்டல் ஏறும். எங்க பாட்டன் காலத்துல இந்த எடமெல்லாம் வெளிய இருந்துது, தேமல் புடிச்சுது. அப்பறம் வண்டல் மூடிகிச்சு. இதுல இன்னா அதிசயம்?"

மேர் மறுபடியும் தலையை ஆட்ட ஆரம்பித்தார். அந்தத் தலைக்கு வேறு வேலையே தெரியாது. கூட்டம் அடங்கியது. "அதுவும் நியாயந்தானே" என்று எவனோ ஒரு கீழூர்க்காரனே சொன்னான். சொன்னவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் புரொபெசரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். காலையில் மண்டபத்தில் ஊற்றிய தண்ணீர் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. எனக்கு ஓர் இமைப்பொழுது முன்னால்.

"முசே, பாட்டன் காலத்துல பொதஞ்ச தேமல் இன்னிக்கும் உசுரோட இருக்குமா?"

"இருக்கவே முடியாது! வெளிச்சம் இல்லாமல் சில மாதங்களில் செத்துவிடும்."

"எல்லாரும் கேட்டுகினீங்களா? படிச்சவரு சொல்லிட்டாரு!"

வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மடைதான் பூட்டியிருக்கிறதே. கல்லுக்கு முன்னால் மிராசுதார் அபிஷேகத்துக்கு வைத்திருந்த செம்பு மட்டும் நிறைய இருந்தது. எடுத்தேன். குழிக்குள் குனிந்து அந்த இலைத் தேமலின்மேல் ஊற்றினேன்.

ஊற்றினதும் ஒன்றும் ஆகவில்லை. மண் கரைந்து ஓடியது. சாம்பல் நிறம் சாம்பலாகவே இருந்தது. என் காதுக்குள் என் உளிச் சத்தம் கேட்டது. கடைசித் தடவையாகக் கேட்கிறோமோ என்றும் தோன்றியது...

பிறகு ஓரத்தில் ஒரு பச்சை. நடுவில் ஒன்று. வெற்றிலையைத் தண்ணீரில் போட்டு எடுத்த மாதிரி மெல்ல மெல்லப் பச்சை ஏறி, உள்ளங்கை அகலமும் பரவியது.

புரொபெசர் கைக்குட்டை விரிக்க மறந்துவிட்டார். வெள்ளைக் கோட்டோடு குழி ஓரத்தில் குப்புறப் படுத்து, லென்ஸை வைத்து, "உயிரோடு இருக்கிறது! உயிரோடு இருக்கிறது!" என்று பிள்ளை பிறந்த வீடு மாதிரி கத்தினார்.

"இன்னாங்க மிராசு," என்றாள் அஞ்சலாட்சி, "ஒங்க பாட்டன் போன மாசிலதான் பொறந்தாரா?"

மேலூர்க்காரர்களே சிரித்துவிட்டார்கள். அப்புறம் எந்த மஞ்சள் என்ன செய்யும்?

மிராசுதாருக்கு ஒரு வார்த்தை. நம் வெயிலில் சமவெளிக் கல்லில் இலைத் தேமல் அபூர்வம். நிழலும் ஈரமும் உள்ள மலைச் சரிவில்தான் அது இப்படிச் செழிக்கும். பிரெஞ்சு எல்லையைத் தாண்டி, இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் எந்த மலையில் கைவைத்தீர்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும். பொய்க்கல் நடுகிறவர் கல் தெரிந்த ஒருவனைக் கேட்டு நட வேண்டாமா? என்னிடம் வந்திருந்தால் மொட்டைக் கல்லாகப் பார்த்துக் கொடுத்திருப்பேன். ஊரார் முகத்துக்காகப் பழைய கல் தேடினீர்கள். பழசுதான் காட்டிக்கொடுத்தது.

மேர் அங்கேயே உத்தரவு போட்டார். பூட்டைத் திறந்து பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் கீழூருக்குள் போனதை நான் பார்த்தேன். அஞ்சலாட்சி பார்க்கவில்லை. அவள் அதற்கு முன்பே வயலுக்கு ஓடிவிட்டாள்.

*

புரொபெசருக்கு அந்தத் தேமல் வேண்டுமாம். இலையை மட்டும் கத்தியால் எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். ஒட்டும் இலையும் சேர்ந்தே வேண்டுமாம். ஒட்டைக் கல்லோடுதான் எடுக்க வேண்டும். உளி வைத்து, தேமல் ஓரம்கூட நொறுங்காமல் ஒரு சில்லு பெயர்த்துக் கொடுத்தேன். இந்தக் கம்யூனில் வேறு எவனாவது செய்து காட்டட்டும். அதுதான் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது.

"உங்கள் பெயரோடுதான் இது காட்சிக்குப் போகும் மேஸ்திரி" என்று சொல்லித்தான் வாங்கிப் போனார்.

போயிற்று. பெயர்தான் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

நம் தேசத்தில் இது ஒரு வியாதி. படித்தவன் செய்தால் கண்டுபிடிப்பு. படிக்காதவன் செய்தால் உதவி. பெரிய மனிதன் செய்தால் அந்த உதவிகூட அட்டையில் ஏறும். கிராமத்தான் செய்தால் மீன்குழம்புக்கும் கீழே.

முழுவதும் நான் செய்தேன் என்று சொல்கிறேனா? இல்லை. மண்ணுக்குள் தேமல் வளராது என்பது நான். உயிர் இருந்தால்தான் பச்சை ஏறும் என்பது அவர். என்னை விட்டிருந்தால் வண்டலில் மாட்டியிருப்பேன். அவரை விட்டிருந்தால் மடையே மேலூருக்குப் போயிருக்கும். போகவே பார்த்தது! காளானும் பாசியும் மாதிரி, தனித்தனியாக இரண்டுமே செத்திருக்கும். ஆனால் சேர்ந்து செய்ததற்குப் பெயர் ஒன்றுதானாம். லிக்கேனிடம் அவர் கற்றுக்கொண்ட பாடம் அதுதான் போலிருக்கிறது.

முந்தாநாள் அஞ்சலாட்சியை வில்லியனூர்ச் சந்தையில் பார்த்தேன். இந்தக் கதையைப் பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுது. மொத வெட்டு யாருதுன்னு எழுதுவியா?"

"அது... ஒரு போடுதானே போட்ட?"

"அந்த ஒண்ணு போட ஒனக்குக் கை வரலயே மேஸ்திரி!"

பக்கத்துக் கடை மிளகாய் வியாபாரிகூடச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன்.

முதல் வெட்டு கீழூர் அஞ்சலாட்சியுடையது. எழுதிவிட்டேன்.

புரொபெசர் அவர்களே, இனி உங்கள் முறை. 'தோண்டிக் காட்டியவர், சில்லு பெயர்த்தவர்: மேஸ்திரி இருசப்பன்.' நீங்கள் படித்துக் காட்டிய அதே எழுத்தில் போட்டால் போதும். லத்தீன் வேண்டாம்.

அட்டையில் கீழே இரண்டு விரல் இடம் காலியாக இருக்கிறது. அளந்துவிட்டுத்தான் வந்தேன்.